வேலைத்தடத்தில் மலைநடை: வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களும் வெளியார் வருகையும்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் தொடங்கும் வால்பாறைப் பீடபூமி, ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பாலும் தேயிலையும் ஆங்காங்கே காப்பியும் ஏலமும் பயிராகும் நிலம். 2007ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காடும், கேரளத்தின் பறம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. விடுமுறை நாள்களில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இங்கே வருகிறவர்களில் கணிசமானோர், காட்சிமுனைகளில் நின்று பார்ப்பதோடு நிறைவடையாமல் தேயிலைப் புதர்களுக்கு இடையில் இறங்கி நடக்க விரும்புகிறார்கள். விருப்பம் இயல்பானதே. ஆனால் அவர்கள் கண்ணில் படும் பச்சைச் சரிவு காடும் அல்ல, பூங்காவும் அல்ல. அது ஒரே நேரத்தில் ஒரு தொழிற்களம், பல தலைமுறைகளின் குடியிருப்பு, யானைகளின் வழித்தடம். உள்ளூர்ப் பண்பாட்டை மதித்தல் என்று பயண நூல்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை இங்கே பொருள்பட வேண்டுமானால், அது கோயில் திருவிழாவிலிருந்தோ உடை ஒழுங்கிலிருந்தோ அல்ல, தோட்டத்தின் வேலைநேரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலைநடை கொங்கு நாட்டுக்குப் புதிது அன்று. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி சுமந்து பங்குனி உத்திரத்துக்குப் பழனி வரை கால்நடையாகச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பூண்டி அடிவாரத்திலிருந்து மூங்கில் தடி ஊன்றி ஏழு மலை ஏறும் வெள்ளியங்கிரி யாத்திரை மாசி முதல் வெயில் காலம் முடியும் வரை ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கிறது. இவ்விரண்டிலும் நடப்பவர் தாம் விரும்பியபடி நடப்பதில்லை. புறப்படும் பருவம், அதற்கு முன் இருக்கும் விரதம், தங்கும் இடம், குரு சாமியாக முன்செல்பவரின் சொல் ஆகியவை எல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. வழியிலுள்ள ஊர்களும் அந்த நாள்களை அறிந்து தண்ணீர்ப் பந்தல் அமைக்கின்றன. இம்மரபைக் குறையற்றதாகக் காட்ட வேண்டியதில்லை: வெள்ளியங்கிரிப் பாதையில் சேரும் பிளாஸ்டிக் குப்பையும், உடல்நிலையைப் பாராமல் ஏறி மாரடைப்பில் இறப்போரும் ஆண்டுதோறும் செய்தியாகின்றனர். ஆயினும் நடப்பவருக்கும் வழியிலுள்ளவருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று அங்கே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை. அங்குள்ள பாதைகள் விருந்தினருக்காகவோ யாத்திரிகருக்காகவோ போடப்பட்டவை அல்ல என்பதே அதற்குக் காரணம்.

அப்பாதைகள் எவ்வாறு வந்தன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஆனைமலையின் இப்பகுதி காடர், முதுவர், மலசர், மலைமலசர் போன்ற பழங்குடிகளின் வாழ்விடமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே காப்பி நடப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியத் துரைமார் பெருமளவில் காட்டை அழித்துத் தேயிலைக்கு மாற்றினர். அவர்களுள் முன்னோடியாகக் கருதப்படும் கார்வர் மார்ஷுக்கு மலைச்சாலையின் ஓரத்தில் சிலை இருக்கிறது. சாலையமைப்பில் பங்கு கொண்ட பொறியாளர் லோமின் பெயரை ஒன்பதாவது வளைவிலுள்ள காட்சிமுனை தாங்கி நிற்கிறது. மரம் வெட்டி, வேர் பிடுங்கி, நாற்று நட்டவர்களுக்கு அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் சாலையில் இல்லை. அவர்கள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம், கோவை மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டவர்கள். கங்காணி என்பவர் தோட்டத்துக்காக ஆள் பிடித்து, அவர்களுக்கு முன்பணம் கொடுத்து, பின்னர் அவர்களின் வேலையையும் மேற்பார்த்த இடைத்தரகர். ஒருவர் வேலை செய்த கணக்கில் அவருக்கும் பங்கு உண்டாகையால், முன்பணக் கடன் தீராமல் இருப்பதே அவருக்கு ஆதாயம். வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1903இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் இந்தக் கட்டுக்கு அரசின் காவலைத் தந்தன. மலேரியாவும் குளிரும் அட்டைக்கடியும் சேர்ந்து எத்தனை உயிர்களை வாங்கின என்பதை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவலில் பதிவு செய்தார். கோவையைச் சேர்ந்த எழுத்தாளர் இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 2013இல் வெளியான பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் இக்கதையை அடியொற்றியது. வால்பாறைக்கு நடைப்பயணமாக வருகிறவர் ஒரேயொரு நூலைப் படித்துவிட்டு வர வேண்டுமென்றால், அது பறவைக் கையேடாக இருப்பதைவிட இந்த நாவலாக இருப்பது நல்லது.

விடுதலைக்குப் பின் வந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், குடிநீர் முதலியவற்றைத் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. லைன் வீடு என்று வழங்கும், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு குடியிருப்புகள் நிறுவனத்தின் சொத்து. வேலை இருக்கும் வரைதான் குடியிருப்பும் உண்டு, ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறைகள் அதே சரிவில் பிறந்து வளர்ந்தும் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லாத மக்களையே வெளியிலிருந்து வருகிறவர் உள்ளூர்க்காரர் என்று அழைக்கிறார். தங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் யார் நடக்கலாம் என்று சொல்லும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. அதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானிக்கிறது. நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் நடையர் சட்டப்படி சரியானவராக இருக்கலாம். அச்சீட்டு அங்கே வாழ்பவரின் அழைப்பு ஆகிவிடாது.

தோட்டத்தின் ஒரு நாளை அருகிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுத்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், தொழிலாளர் கூடுகின்றனர். பனியிலும் மழையிலும் நனைந்த புதர்களுக்குள் நாள் முழுக்க நிற்க வேண்டியிருப்பதால் பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் மருந்தெண்ணெயோ உப்போ பூசிக் கொள்வதும் உண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தை விரலால் கிள்ளுவதே தரமான பறிப்பு என்றாலும், ஆள் பற்றாக்குறையால் இன்று பெரும்பாலும் கத்தரிகளே கையாளப்படுகின்றன. கத்தரியின் ஒரு பக்கத்தில் கொழுந்து விழுவதற்கான பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அது நிறைந்ததும் முதுகுப்புறச் சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த புதருக்கு நகர வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று அடிப்படை அளவு வகுக்கப்பட்டு, அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஊக்கத்தொகை கணக்கிடப்படுவதால், எடை போடும் இடத்தில் தராசு காட்டும் எண்ணே அன்றைய வருமானத்தை முடிவு செய்கிறது. ஆகவே கேமராவை நீட்டி ஒரு பெண்ணை நிமிர்ந்து சிரிக்கச் சொல்லும் பயணி, தெரிந்தோ தெரியாமலோ அவருடைய கிலோக்களில் கை வைக்கிறார். அனுமதி கேட்டுப் படமெடுப்பது மரியாதை என்பார்கள். வேலை நடக்கும் வரிசையில் அந்தக் கேள்வியே ஓர் இடையூறு. மேஸ்திரியின் பார்வைக்கு முன் மறுத்துச் சொல்லும் நிலையில் அப்பெண் பெரும்பாலும் இருப்பதில்லை. மதிய இடைவேளையிலோ, எடை முடிந்து திரும்பும் வழியிலோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கடையிலோ பேசுவது வேறு. சில மலைச் சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கொடுக்கப்படும் மூங்கில் கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து பறிப்பவர் வேடத்தில் படமெடுத்துக் கொள்ளும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக் கொண்டு அப்படிப் படமெடுப்பவரை எங்கும் காண முடியாது.

புதர்களும் வெறும் பின்னணி அல்ல. தேயிலை தன்னியல்பில் வளரவிட்டால் மரமாகும் செடி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, அதாவது தண்டுகளை ஒழுங்காக வெட்டி, இடுப்பளவு உயரத்தில் சமதளமாக நிறுத்தி வைத்தால்தான் கைக்கெட்டும் கொழுந்து தொடர்ந்து கிடைக்கும். அந்தச் சமதளத்தின் மேல் சாய்ந்து படமெடுப்பதும், வரிசையை உடைத்துக் குறுக்கே புகுவதும் பறிப்புப் பரப்பைக் கெடுக்கும். பூச்சிமருந்து அடித்த பகுதியில் தொழிலாளர்களே குறிப்பிட்ட நாள் கழித்துத்தான் பறிக்க இறங்குவர். அந்த நாள் கணக்கு வெளியாருக்குத் தெரியாது. தோட்டத்தின் மண்சாலையை விட்டு இறங்காதிருப்பது இக்காரணங்களால் அழகியல் சார்ந்த கட்டுப்பாடாக இல்லாமல் நடைமுறைத் தேவையாகவே ஆகிறது.

இதைவிடக் கடுமையான காரணம் ஒன்று உண்டு. வால்பாறையின் தோட்டங்களுக்குள் ஆற்றோரச் சோலைகளாகவும் துண்டுக் காடுகளாகவும் எஞ்சியிருக்கும் பகுதிகள் வழியாக யானைக் கூட்டங்கள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குச் செல்கின்றன. புதர்களுக்கு இடையில் பகலில் சிறுத்தை படுத்திருப்பதும் அரிதன்று, லைன் வீடுகளை ஒட்டிக் குழந்தைகள் சிறுத்தைக்குப் பலியான துயரங்கள் அண்மை ஆண்டுகளிலும் நிகழ்ந்துள்ளன. மாலையில் பணி முடிந்து பேருந்திலிருந்து இறங்கி இருளில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு எதிரில் யானை நிற்பதே இங்கே பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம் என்பதை ஆராய்ந்து அறிந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, யானை நிற்கும் இடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும், 2011 முதல் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கும் ஏற்பாட்டை வனத்துறையின் ஒத்துழைப்போடு உருவாக்கியது. யானை அருகிலிருக்கும்போது கைப்பேசி வழியாகவே எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளும் உயரமான இடங்களில் நிறுத்தப்பட்டன. இந்தப் பணிக்காக அவ்வறக்கட்டளையின் எம். ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். இவ்வேற்பாட்டின் உயிர் தொழில்நுட்பத்தில் இல்லை. யானையைக் கண்டதும் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்ற அக்கம்பக்கத்தாரின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தச் செய்தி வலைக்குள் இல்லாத நடையர், இணையத்தில் கிடைத்த தடத்தைப் பிடித்துக் கொண்டு நடக்கும்போது, நேற்றைய வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறாரே தவிர இன்று காலைத் தகவலை அல்ல. உள்ளூர்க்காரரைக் கேட்டு நடப்பது பண்பாட்டு மரியாதையா, உயிர்ப் பாதுகாப்பா என்று பிரித்துப் பார்க்க இங்கே வழியில்லை. புதுத்தோட்டத்தில் சாலையோரம் இறங்கும் சிங்கவால் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதும், ஆழியாற்று வளைவுகளில் வரையாட்டை நெருங்கிப் படமெடுப்பதும் இதே அறியாமையின் சிறிய வடிவங்கள். அவற்றால் நேரும் இழப்பை வந்தவர் காண்பதில்லை, அங்கே இருப்பவரே சுமக்கிறார்.

எச்சரிக்கையாகச் சொல்லத்தக்க நிகழ்வு 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர், 7,000 அடிக்கு மேல் உயரமுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்து நிற்கும் போதைப்புல் எவ்வளவு விரைவில் பற்றும் என்பது மலையடிவார மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. வந்தவர்களுக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. எளிது, நடுத்தரம், கடினம் எனப் பாதைகள் வகுக்கப்பட்டு, அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களுடன் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டம், பழங்குடியினரையும் காட்டோர ஊர்களின் இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. கோவை மாவட்டத்தில் ஆழியாறு கால்வாய்க்கரை, டாப்சிலிப் – பண்டாரவரை, மானாம்பள்ளி முதலிய தடங்கள் இதில் அடங்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் முறை, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 நவம்பரில் வால்பாறைக்கும் நீட்டிக்கப்பட்டது. இவை எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றின் அக்கறை காட்டைப் பற்றியதும் வாகன நெரிசலைப் பற்றியதுமே. தேயிலை வரிசைகளுக்கு நடுவிலுள்ள நடை இவ்விரண்டுக்கும் இடையே விழுந்துவிடுகிறது.

பண்பாடு என்ற சொல் பன்மையில் வழங்க வேண்டிய இடமாகவும் வால்பாறை இருக்கிறது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மாரியம்மன் கோயில் உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனிகளிலும் கோவையில் பட்டறைகளிலும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் திரும்பி வருவார்கள். கருமலையில் பாலாஜி கோயிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் அருகருகே வழிபாட்டுக்கு உரியவை. பிள்ளைகள் விட்டுச் சென்ற இடத்தை அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நிரப்பியிருப்பதால், சில லைன் வீடுகளில் இன்று தமிழ் இரண்டாம் மொழி. தமிழ் பேசும் தொழிலாளியின் பாட்டனார் இங்கே வந்தபோது எந்த நிலையில் இருந்தாரோ, ஏறக்குறைய அதே நிலையில் இவர்கள் இருக்கிறார்கள். காடர்களின் கதை வேறு. மண்ணின் முதல்குடிகளாகிய அவர்களில் கல்லார்குடி மக்கள் 2019ஆம் ஆண்டு மழையில் நிலம் சரிந்து வீடிழந்து, தெப்பக்குளமேட்டில் குடியேறும் உரிமைக்காக நெடுநாள் போராட வேண்டியிருந்தது. இத்தகைய குடியிருப்புக்குள் வேடிக்கை பார்க்க நுழைவதும், தேன் எடுப்பதை நடித்துக் காட்டச் சொல்வதும் அநாகரிகம் என்று சொன்னால் மிகையாகாது. நீலகிரியில் தோடர்களின் குடியிருப்புகளாகிய மந்துகளில், பால் சார்ந்த சடங்குகளுக்குரிய அரைவட்டக் கூரைக் கோயிலுக்குள் வெளியார் நுழையலாகாது என்ற விதி இன்றும் உறுதியாகக் காக்கப்படுகிறது. தோடர்களால் அவ்வாறு மறுக்க முடிகிறது, அதை உலகமும் மதிக்கிறது. நிறுவனத்தின் வீட்டில் குடியிருப்பவரின் வாசலுக்கு அந்த வலிமை கிடைக்கவில்லை.

இலங்கையின் மலையகம் இதே கேள்வியைப் பெரிய அளவில் எதிர்கொள்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைத்தடம், 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பழைய தோட்டப் பாதைகளையே அது பெரும்பாலும் பயன்படுத்துகிறது. அத்தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட 2023ஆம் ஆண்டிலேயே, மலையகத் தமிழர் தங்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் காட்டு வழியே நடந்து, பலர் வழியிலேயே மடிந்த பாதை அது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத் தோன்றியதே டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். நீலகிரியிலும் வால்பாறையிலும் அதன் தோட்டங்கள் உள்ளன. ஆகவே வால்பாறையில் ஒரு டான்டீ தோட்டத்தைக் கடந்து நடப்பவர், இலங்கை வரலாற்றின் ஒரு பக்கத்தையும் கடந்து நடக்கிறார். பெக்கோ தடத்தினால் வழியோரத் தங்குமிடங்களுக்கும் கடைகளுக்கும் வருமானம் கிடைக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அங்கே லயன் அறை எனப்படும் லைன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க இடமும் உரிமையும் இல்லாதவருக்கு அந்த வருமானத்தில் எவ்வளவு சேரும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கொங்குச் சமவெளிக்கும் இம்மலைக்கும் சுற்றுலாவைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. நீராற்றிலும் சோலையாற்றிலும் பெய்யும் மழைதான் பறம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள், கால்வாய்கள் வழியாகப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் உடுமலை, பல்லடம், காங்கயம் வயல்களுக்கும் வந்து சேர்கிறது. அந்த நீரைக் குடிப்பவர் மேலே ஏறிச் செல்லும்போது வெறும் பார்வையாளராக நடந்துகொள்ளக் கூடாது. தோட்டநடைக்கென்று தனித்தடங்களை வகுப்பது கடினமான வேலை அல்ல. பறிப்பு நடக்கும் பகுதியை அன்றன்று விலக்கி, காலைப் பெரட்டுக்கும் மாலை எடைக்கும் இடைப்பட்ட பகல் நேரத்தில் மட்டும் குழுக்களை விட்டு, ஓய்வு பெற்ற தொழிலாளர்களையும் காடர் இளைஞர்களையும் ஊதியம் கொடுத்து வழிகாட்டிகளாக்கி, நுழைவுக் கட்டணத்தில் குறித்த பங்கை அந்தந்த எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்துக்கோ பள்ளிக்கோ சேர்ப்பது நிர்வாகங்களும் அரசும் நினைத்தால் ஓராண்டில் செய்யக்கூடியது. இன்று வனத்துறையிடமோ நிர்வாகத்திடமோ அனுமதி பெற்றால் நடை தொடங்கிவிடலாம். தடம் வகுக்கும்போது லைன் வீடுகளில் வாழ்வோரையும் கூட்டி உட்காரவைத்துக் கேட்பதை அந்த நடைமுறையில் சேர்க்க வேண்டும்.